மேக்ஸ்வெல்: விற்றது சரி, விலை சரியா?

ஒரு கம்பெனி கைமாறப் போகிறது என்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். சந்தை விலைக்கு மேல் எத்தனை சதவீதம் தருகிறார்கள்?

2019 பிப்ரவரியில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இருந்த மேக்ஸ்வெல் டெக்னாலஜீஸை டெஸ்லா சுமார் 21.8 கோடி டாலருக்குக் கேட்டபோது அந்த எண் 55. பங்குக்கு 4.75 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014-ல் அதே பங்கை 10 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, ஐந்து வருடம் பொறுமையாக வைத்திருந்தவருக்கு வயிறு எரியாதா?

விலை மட்டும் காரணமில்லை. மேக்ஸ்வெல் பெயர் வாங்கியது அல்ட்ராகெபாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று கொடுக்கும் சாதனத்தில். டெஸ்லாவுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது வேறு. பேட்டரி மின்முனை செய்ய, வழக்கமாக வேதிப்பொருளைக் கரைப்பானில் மாவு போலக் குழைத்து, உலோகத் தாளில் பூசி, நீளமான அடுப்பில் காயவைப்பார்கள். மேக்ஸ்வெல்லிடம் கரைப்பானே இல்லாமல் பொடியிலிருந்தே மின்முனை செய்யும் வழி இருந்தது. அடுப்பு வேண்டாம், கரண்ட் மிச்சம், இடமும் மிச்சம். இது பெரிய தொழிற்சாலையில் பலித்துவிட்டால் அதன் மதிப்பு 21.8 கோடியோடு நிற்குமா? பங்குதாரர்களின் கவலை நியாயமானதுதான். கெடு ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போய், மே மாதம்தான் விற்பனை முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. மேக்ஸ்வெல் நஷ்டத்தில் ஓடிய கம்பெனி. நல்ல கண்டுபிடிப்பு கையில் இருந்தாலும் அதற்குத் தொழிற்சாலை கட்டப் பணம் வேண்டுமே! யாராவது ஒரு பெரிய கை பிடித்தே ஆகவேண்டிய நிலை.

ஆனால் உண்மையில் பார்க்கவேண்டியது அந்த 55 சதவீதம் அல்ல, எதில் பணம் தருகிறார்கள் என்பது. டெஸ்லா ரொக்கம் தரவில்லை, தன் பங்கைக் கொடுத்தது. அதுவும் ஒரு மேக்ஸ்வெல் பங்குக்கு 0.0193 டெஸ்லா பங்குக்கு மேல் கிடையாது என்ற வரம்போடு. மே மாதத்துக்குள் டெஸ்லா விலை சரிந்துவிட்டதால், கடைசியில் கைக்கு வந்தது 4.75 டாலர்கூட இல்லை, சுமார் நாலரைதான். அன்று திட்டாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

வந்த டெஸ்லா பங்கை விற்காமல் வைத்திருந்தவர்கள் கதை வேறு. 2020 கடைசியில் அந்த 0.0193-ன் மதிப்பு (இடையில் நடந்த ஐந்துக்கு ஒன்று பிரிப்பையும் சேர்த்து) 68 டாலரைத் தொட்டது. அதற்காக 4.75 நியாயமான விலை என்று ஆகிவிடாது. அவர்களைக் காப்பாற்றியது விலை இல்லை. விற்ற பிறகும் அந்தக் கண்டுபிடிப்பில் பொட்டளவாவது பங்கு கையில் இருந்ததுதான். அதே 4.75-ஐ ரொக்கமாக வாங்கியிருந்தால் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

2021-ல் டெஸ்லா அல்ட்ராகெபாசிட்டர் தொழிலை வேறொருவருக்கு விற்றுவிட்டது. உலர் மின்முனையை மட்டும் விடவில்லை.