யாருடைய கதவு?

கொழும்பில் புதிதாக வீடு கட்டி அதனை நவீன பாணியில் அலங்கரிக்க விரும்புவோர் இன்று தேடித் திரியும் பொருள்களைக் கண்டால் எங்கள் பாட்டன்மார் வியப்படைந்திருப்பார்கள். பழைய முதிரைக் கதவு, பித்தளைப் பூண் போட்ட பெட்டகம், பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை, கடைந்தெடுத்த மரத்தூண், ஆட்டுக்கல், கிணற்றடியில் கிடந்த கற்தொட்டி என்று பட்டியல் நீள்கிறது. கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி இட்டால் அது சாப்பாட்டு மேசை. பெட்டகத்தின் மேல் தொலைக்காட்சி அமர்ந்துகொள்கிறது. ஆட்டுக்கல்லின் குழியில் நீர் நிரப்பிச் செவ்வரத்தம்பூவை மிதக்க விடுகிறார்கள். மெழுகிய சீமெந்துத் தரையும் வெள்ளைச் சுவரும் அமைத்து, அவற்றின் முன்னே இப்படியான பொருளொன்றைத் தனியே நிறுத்திவிட்டால் அதுவே இன்றைய நாகரிகம்.

நன்றாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பொருள்களை அடுக்கிக் குவித்த வரவேற்பறையை விட, ஒரு நல்ல மரத்தூண் நிற்கும் வெற்றிடம் கண்ணுக்கு இதமானது. ஆயினும் இந்தப் பாணி எங்கிருந்து வந்தது, இந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

முதற் கேள்விக்கான விடை பலரும் நினைப்பதுபோல வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இல்லை. இலங்கையில் நவீன கட்டடக்கலையைத் தொடக்கிவைத்தவர்களுள் ஒருவர் மினற் டி சில்வா. 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் உறுப்பினரானவர். கண்டியில் 1950 ஆம் ஆண்டளவில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் ஐரோப்பிய நவீனத்தின் நேர்கோடுகளும் இருந்தன. கதவுகளிலே தும்பறைப் பாய் பின்னலும் இருந்தது. கிராமத்துப் பின்னற்காரரையும் குயவரையும் தமது கட்டடத்துக்குள் அழைத்துவந்த அந்தப் பெண்மணிக்கு வாழ்நாளில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1998 இல் அவர் மறைந்தபோது பெரும்பாலோர் அவரை மறந்திருந்தனர்.

அவருக்குப் பின் வந்த ஜெப்ரி பாவாவின் பெயரை இன்று எல்லோரும் அறிவர். டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர், பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா, சிற்பியும் ஓவியருமான லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம், கைத்தறித் துணிகளுக்குப் பெயர்பெற்ற பார்பரா சன்சோனி என ஒரு கூட்டமே அவரைச் சூழ இருந்தது. அவர்களுள் சிலர் பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேடிச்சென்று அளந்து, படம் வரைந்தார்கள். முற்றம் ஏன் நடுவில் இருக்கிறது, கூரை ஏன் அவ்வளவு தாழ இறங்குகிறது என்பதை அந்த வீடுகளிடமே கற்றுக்கொண்டார்கள்.

அவர்களுக்கு வேறு வழியும் அதிகம் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. பெரிய கண்ணாடிகளும் உருக்கும் வெளிநாட்டுத் தளபாடங்களும் எட்டாப் பொருள்களாயின. கையில் இருந்தவை செங்கல், சுண்ணாம்பு, கருங்கல், மரம், அரைவட்ட ஓடு, நல்ல கைவினைஞர்கள். ஓட்டுக் கூரை ஒழுகுகிறது என்று குறைகூறியவர்களுக்காக, நெளித்தகடுகளை முதலில் பரப்பி அவற்றின் மேல் பழைய அரைவட்ட ஓடுகளை அடுக்கும் உத்தியைப் பாவா பெருமளவில் கையாண்டார். ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேஸில் அவர் கட்டிய வீடு, நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த, வெளியே சுவர் மூடிய வீடு. யாழ்ப்பாணத்தவர் எவராவது அதற்குள் நுழைந்திருந்தால், இது எங்கள் நாற்சார் வீடல்லவா என்று கேட்டிருப்பார்.

பார்பரா சன்சோனியின் கதை இன்னும் சுவையானது. நல்லாயன் கன்னியர் மடத்தைச் சேர்ந்த தலைமைக் கன்னியாஸ்திரி ஒருவர், தாங்கள் பராமரித்த பெண்பிள்ளைகளுக்குத் தொழில் தேவைப்படுகிறது, நெசவுக்கு நிறமும் வடிவமும் சொல்லித்தாருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து முளைத்ததுதான் 1964 இல் உருவான பெயர்புட் நிறுவனம். காலி வீதியிலுள்ள அந்தக் கடைக்குச் செல்லாத உல்லாசப் பயணி அரிது. ஊதாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளையும் கிளிப்பச்சையையும் துணிந்து வைத்த அந்தக் கண் அபூர்வமானது. 2022 இல் அவர் மறைந்தார்.

எங்கள் பனையோலைக்கு அப்படியொரு கண் வாய்க்கவில்லை என்பது எனது நெடுநாள் மனக்குறை. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைக்கப்பட்டது. அதன் விற்பனை நிலையங்களில் தொப்பியும் கைப்பையும் பூச்சாடியும் ஆண்டாண்டாக ஏறக்குறைய ஒரே வடிவத்தில், ஒரே இளஞ்சிவப்பும் பச்சையுமான சாயத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்குபவர் பெரும்பாலும் அனுதாபத்தினாலோ ஊர் நினைவினாலோ வாங்குகிறார். அந்தப் பொருள் இல்லாமல் வீடு அழகிழந்துவிடும் என்று எண்ணி வாங்குவதில்லை. ஆனால் சமையற்கட்டிலிருந்த கடகத்தையும் சுளகையும் நீத்துப்பெட்டியையும் சற்று உற்றுப் பாருங்கள். நீத்துப்பெட்டி கூம்பாக இருப்பது அலங்காரத்துக்காகவன்று. பானையின் வாயில் இறுகப் பொருந்தி ஆவியை மாவுக்குள் செலுத்துவதற்காக. கடகத்தின் அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருப்பதனால் தரையில் சாயாமல் நிற்கும், தலையிலும் இடுப்பிலும் உறுத்தாமல் அமரும். பாயோ, பகலில் சுவரோரம் சுருண்டு நின்று இரவில் படுக்கையாவது. வடிவம் பயனைப் பின்தொடர வேண்டும் என்று மேற்குலக வடிவமைப்பாளர் கூறியதை இந்தப் பெண்கள் கூறாமலே செய்துவந்தார்கள். சார்வோலையின் இயல்பான வெண்பழுப்பு நிறத்துக்கே சாயம் வேண்டியதில்லை. போரில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் வடக்கிலே பின்னிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடன் ஆறு மாதம் உட்கார்ந்து, அளவையும் முடிப்பையும் நேர்த்தியாக்கி, விளக்குக்கு ஒரு மூடியும் சுவருக்கு ஒரு தட்டியும் ஆக்கித்தர எந்த வடிவமைப்பாளர் போனார்?

புலம்பெயர்ந்தோர் வீடுகளுக்கு வருவோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் எங்கள் உறவினர்கள் வீட்டில் ஐக்கியா நிறுவனத்தின் பொயாங் கதிரை ஒன்றாவது இருக்கும். 1976 இல் நொபொரு நாகாமுரா என்ற ஜப்பானியர் வடிவமைத்தது. மெல்லிய மரப்படைகளை ஒட்டி வளைத்த சட்டத்தில், உட்காருபவரின் உடலோடு மெல்ல அசைவது. பொருளைப் பகுதிகளாகத் தட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் வழக்கத்தை அந்த நிறுவனம் 1950களின் நடுப்பகுதியில் தொடங்கியது. வாங்குபவர் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவார் என்பதையும் வடிவமைப்பின் பகுதியாகக் கருதியதுதான் அவர்களின் கெட்டித்தனம். நான் அதனைப் பழிக்கவில்லை. அந்தப் பொயாங்கில் சாய்ந்திருந்து யாழ்ப்பாணத்தில் கட்டப்படும் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது எங்களவர் செய்வதுதான் எனக்கு விளங்குவதில்லை.

ஸ்கன்டினேவிய எளிமையை அங்கே அனுபவிப்பவர், இங்கே தமது தந்தையின் நாற்சார் வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடிக் கொங்கிறீற் பெட்டியைக் கட்டுவிக்கிறார். முற்றம் மூடப்படுகிறது. காற்று போகவர வழியில்லாததனால் குளிரூட்டி வாங்கப்படுகிறது. தரைக்கு வழுக்கும் மாபிள். யன்னலுக்கு அலுமினியமும் நிறக்கண்ணாடியும். பனஞ்சிலாகையும் வளையும் விறகாகின்றன. முற்றிய பனையின் வெளிவைரம் இரும்பை ஒத்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறி வெளியூர்களுக்குச் சென்றது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்ட மண்ணில், எஞ்சிய சிலாகைகளை நாமே அடுப்பில் வைப்பது பெருங்கொடுமை. (கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி எல்லாம் போர்த்துக்கீசரும், லாச்சி ஒல்லாந்தரும் தந்த சொற்கள். வெளியிலிருந்து வந்ததை ஏற்று எமதாக்குவது எங்களுக்குப் புதிதன்று. இருந்ததை எறிவதுதான் புதிது.)

எறியப்படும் கதவுக்கு என்ன நடக்கிறது? இடிக்கும் ஒப்பந்தக்காரர் அதனைச் சொற்ப விலைக்கு எடுத்துச் செல்கிறார். அது ஒரு தரகரிடமும், அவரிடமிருந்து தெற்கிலுள்ள பழம்பொருட் கடைக்கும் போகிறது. அங்கே தேய்த்து மெருகிட்டு, பல மடங்கு விலையில் ‘புராதனக் கதவு’ ஆகிறது. இது வணிகம், விற்றவர் விரும்பி விற்றார் என்றால் அதிலே தவறில்லை. பாவாவின் கொழும்பு 33 ஆம் ஒழுங்கை வீட்டில் நிற்கும் அழகிய தூண்களும் செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்தவையே. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், பின்னர் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியதும் செட்டியார்களின் செல்வத்தைக் கரைத்தன. பர்மாத் தேக்கில் எழுந்த மாளிகைகள் பங்குபிரிந்து, பராமரிக்க இயலாமல், தூண் தூணாக விலைபோயின. காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் இன்றும் அந்த வணிகம் நடக்கிறது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி இன்னொரு வீட்டின் அழகாவது உலக வழமை.

ஆனால் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் எல்லாக் கதவுகளும் அப்படி விலைபோகவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுக்கு வீடுகளைப் பூட்டும் அவகாசம்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட அந்தக் காணிகள் 2009 இல் போர் முடிந்த பின்னர், குறிப்பாக 2015 இலிருந்து, துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பியவர்களுட் பலர் கண்டது கூரையற்ற சுவர்களை, அல்லது சுவர்களும் அற்ற அத்திவாரத்தை. கதவு, நிலை, யன்னல், ஓடு, தீராந்தி எதுவும் இல்லை. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளுக்கும் இதே கதி நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். அந்த வீடுகளின் கதவுகளை எடுத்தவர்கள் தமிழர்களாகவும் இருந்தார்கள். 1983 இல் கொழும்பில் எரிந்த வீடுகளிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட தளபாடங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இக்கட்டுரை முடியாது.

இத்தனை கதவுகளும் தளபாடங்களும் மண்ணுக்குள் போய்விடவில்லை. முதிரை எளிதில் உக்காது. எங்கோ ஒரு வீட்டில் அவை மெருகோடு நிற்கின்றன. ஐரோப்பாவில் நாசிகள் யூதர்களிடமிருந்து பறித்த ஓவியங்களின் உடைமை வரலாற்றை அருங்காட்சியகங்கள் இன்று ஆராய்கின்றன. 1998 இல் வாசிங்டனில் கூடிய நாடுகள் அதற்கென நெறிகளை ஏற்றுக்கொண்டன. ஒரு கதவு ஓவியமன்று என்று வாதிடலாம். இழந்தவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நிலையில் அவரது பிள்ளைகளின் உயரம் கோடிடப்பட்டிருக்கலாம்.

புறநகரில் ஒரு பழம்பொருட் கடையில், லட்சுமி செதுக்கிய கதவு ஒன்றைக் காட்டி இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று நான் விசாரித்ததுண்டு. ‘வடக்குப் பக்கம்’ என்றார் விற்பனையாளர். எப்போது என்றேன். ‘கனகாலம்’ என்று கூறிவிட்டு அவர் விலைக்கழிவு பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தக் கதவு நேர்மையான வழியில் வந்திருக்கலாம். வரவில்லை என்று கூற என்னிடம் ஆதாரமில்லை. வந்தது என்று கூற அவரிடமும் ஆதாரமில்லை. அவருக்கு அது தேவைப்பட்டதுமில்லை, ஏனெனில் கேட்பவர் இல்லை.

பராமரிப்பும் அக்கறையும் இருந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு ஈனா டி சில்வாவின் அல்பிரட் பிளேஸ் வீடே சாட்சி. அந்த நிலம் 2009 இல் விற்பனையானபோது, வீட்டைக் கல் கல்லாக, ஓடு ஓடாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் கட்டினார்கள். பல ஆண்டுகள் பிடித்த வேலை. ஒரு கல் எந்தச் சுவரில் எந்த வரிசையில் இருந்தது என்று எழுதிவைக்க இந்த நாட்டில் ஆட்களும் அறிவும் உண்டு என்பதை அது காட்டியது.

அவ்வளவு வேண்டாம். பழைய கதவை விற்கும் கடைக்காரர் அது எந்த ஊர், எந்த ஆண்டு, யாரிடம் வாங்கியது என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் மூன்று வரி எழுதித் தரலாம். வாங்குபவர் அதைக் கேட்டுப் பெறலாம். யாழ்ப்பாணத்தில் வீட்டை இடிக்கத் தீர்மானித்துவிட்டவர்கள், ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்குமுன் நிலையையும் கதவையும் மட்டுமாவது கழற்றிப் புதிய வீட்டின் தலைவாசலில் பொருத்தலாம். நல்ல தச்சனுக்கு அது இரண்டு நாள் வேலை. 2020 இல் தரை ஓடுகளும் குளியலறைச் சாதனங்களும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, பணமிருந்தும் பொருள் கிடைக்காமல் வீட்டு வேலையைப் பாதியில் நிறுத்தியவர்கள் பலர். முற்றத்து மூலையில் உரப்பையால் மூடி வைக்கப்பட்டிருந்த பழைய கதவுகள் அப்போது சிலருக்கு நினைவில் வந்திருக்கும்.