தொல்காப்பியருக்கு இரவல் புகழ் வேண்டா

உயிர்களின் தோற்றம் பற்றிப் பேச்செழுந்தால் போதும். தமிழ் மேடைகளில் ஒரு குரல் தவறாது ஒலிக்கும். டார்வின் கண்டதைத் தொல்காப்பியர் என்றோ கண்டுவிட்டார் என்பது அது. திருமாலின் பத்து அவதாரங்களே பரிணாமக் கொள்கை என்பது அடுத்த குரல். கைதட்டல் கிடைக்கிறது. மாணவனுக்குக் கிடைப்பது யாது?

தொல்காப்பிய மரபியல் புல், மரங்களை ஓரறிவுயிர் எனத் தொடங்கி, மக்களை ஆறறிவுயிர் என முடிக்கிறது. புலனறிவை அளவுகோலாகக் கொண்ட அருமையான பாகுபாடு அது. ஆயின், ஓரினம் காலப்போக்கில் வேறோரினமாக மாறிற்று என அந்நூல் எங்கும் கூறவில்லை. வகைப்படுத்துதல் வேறு, வழித்தோன்றலை விளக்குதல் வேறு. அவதாரங்களோ இறைவன் விரும்பி எடுத்த வடிவங்கள்; அவை சமய நம்பிக்கைக்கு உரியவை. பல தலைமுறைகளில் இயற்கைத் தேர்வால் நிகழும் மாற்றத்தோடு அவற்றை இணைப்பது சமயத்துக்கும் நன்மையன்று, அறிவியலுக்கும் நேர்மையன்று.

இக்கொள்கை மேலைநாட்டுச் சரக்கு என ஒதுக்குவோரும் உளர். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஜூலை முதல் செப்டம்பர் வரை மலாக்காவில் பறவைகளையும் பூச்சிகளையும் திரட்டினார். ஆயர் பானாஸில் தங்கினார். குனோங் லேடாங் மலையேறினார். பதினான்கு வயதளவில் பள்ளியை விட்ட ஏழை அவர். பின்னர்ச் சரவாக்கில் அவரோடு சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் அவர் திரட்டிய பறவைகளுள் மிகப் பலவற்றைச் சேகரித்துத் தந்தார். 1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது வாலஸ் இயற்கைத் தேர்வைக் கண்டறிந்து, எழுதி, டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் இருவர் கருத்தும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருசேர வாசிக்கப்பட்டன. மலாக்கா மண்ணுக்கும் அக்கொள்கையின் வரலாற்றில் இடமுண்டு. புலாவ் செபாங் தமிழ் மாணவனுக்கு அது எப்படி அயல் சரக்காகும்?

டார்வின் தம் நூலின் முதல் இயலை மனிதன் வளர்க்கும் புறா முதலியவற்றிலிருந்தே தொடங்கினார். தோட்டத்து மக்களுக்கு அதற்குச் சான்று இரப்பர் மரம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் அதனைப் பயிரிட்டார். பின்னர், மிகுதியாகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்து, கலப்பினம் செய்து, ஒட்டுக்கட்டிப் பெருக்கியதால் விளைச்சல் பன்மடங்காயிற்று. ஒட்டுக்கட்டிய கைகளுள் தமிழ்க் கைகள் பல. மனிதன் சில பத்தாண்டுகளில் தேர்ந்து செய்ததை, இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில், நோக்கமின்றி, பிழைத்திருப்பவற்றின் வழியே செய்கிறது.

“மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?” என்று மாணவன் கேட்பான். சிரித்து மழுப்புவது ஆசிரியர்க்கு அழகன்று. இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை. இரண்டுக்கும் பொது மூதாதை இருந்தது. மனிதக் கிளையும் சிம்பன்சிக் கிளையும் பிரிந்து ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகள் ஆயின. உலகின் வயதோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. அதில் முதல் உயிர் எவ்வாறு தோன்றிற்று என்பது இன்னும் ஆராயப்படும் வினா. அதனை வினாவாகவே மாணவன் முன் வைப்பதுதான் அறிவியல்.

பழம்பெருமையைத் திரைச்சீலையாக்கி அறியாமையை மறைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தொல்காப்பியர் கண்ணால் கண்டு வகுத்தார். அவர்க்குச் செய்யும் மரியாதை, மாணவனைக் கண்ணால் காணச் செய்வதே. இரவல் புகழ் அவருக்குத் தேவையில்லை. தெளிந்த அறிவு மாணவனுக்குத் தேவை.