மூத்திரத்தில் இரத்தமும் முன்வினையும்

மூத்திரத்தில் இரத்தம் கண்டால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வலியில்லையே, வெறும் சூடுதான் என்று இளநீர் குடிக்கிறார்கள். மறுபடியும் கண்டால் கிரக தோஷம் என்கிறார்கள். முற்றிவிட்டால் முன்வினை என்று உட்கார்ந்து விடுகிறார்கள். இவற்றில் ஒன்றுக்காவது ஆதாரமுண்டா என்று கேட்கிறோம்.

கல்லாலும் இரத்தம் போகலாம். ஆனால் வலியில்லாமல் போகும் இரத்தம் மூத்திரப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். இந்நோய்க்கு முக்கிய காரணம் பீடி, சிகரெட்டுப் புகை. சாயத் தொழிலாளர்களுக்கு இது வருவதை ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் ரேன் 1895-லேயே எடுத்துக் காட்டினார். கடலூர் சிப்காட்டில் இரசாயனங்களோடு பிழைக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போன ஜன்மத்துப் பாவமென்றால், அது புகை பிடிப்பவனையும் சாயத் தொழிலாளியையுமே அதிகமாகத் தேடிப் பிடிப்பானேன்?

சரி, தேகத்திற்குள் நடப்பதென்ன? நம் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள் புற்றுக்கட்டிக்குள்ளும் புகுகின்றன. சில, புற்றணுக்களைக் கொல்லுகின்றன. வேறு சில புற்றின் வசப்பட்டு, கொல்ல வந்தவற்றையே தடுத்து நிறுத்துகின்றன. எந்தக் கட்சி ஓங்குகிறதென்பதற்கு நோயின் போக்கில் பங்குண்டு.

புற்று, பையின் தசைக்குள் இறங்காத ஆரம்ப நிலையில் கட்டியைக் குழாய் வழியே சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு, தேவைப்பட்டோருக்கு, க்ஷயத் தடுப்புக்கென நாம் அறிந்த பி.சி.ஜி. மருந்தை வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் பைக்குள் செலுத்துகிறார்கள். வீரியம் குறைந்த அந்த உயிர்க் கிருமிகளை எதிர்க்கத் திரளும் அணுக்கள் புற்றையும் சேர்த்துத் தாக்குகின்றன. கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்பார் 1976-ல் வெளியிட்ட முறை இது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனாலும் பலருக்குப் பையை அறுத்தெடுக்காமல் காக்கிறது. இதே பி.சி.ஜி.க்காகக் கிண்டியில் 1948-ல் ஆய்வுசாலை ஏற்பட்டது. இதையேதான் 1955-ல் திரு. இராஜகோபாலாச்சாரியார் எதிர்த்துப் பிரசாரம் செய்தார்!

ஆகவே இங்கே தலையெழுத்துக்கு வேலையில்லை. காலத்தில் போகிறோமா என்பதே கேள்வி. தசைக்குள் இறங்கிய புற்றுக்கு இந்த மருந்து போதாது. பரிகாரத்திற்கென்று சிதம்பரத்திற்கு வண்டியேறுகிறவர்கள், பக்கத்திலேயே அண்ணாமலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் மூத்திரத்தைப் பரிசோதித்துக் கொள்ளட்டும். ஆணாயினும் பெண்ணாயினும் இதில் வெட்கம் எதற்கு? மூத்திரத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு உயிரை விடுவதுதான் வெட்கக்கேடு.