நுண்கணிதம் இலவசமாகக் கிடைக்கிறது. எமது பிள்ளைகளுக்கு எட்டாமலிருப்பது ஏன்?

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி பகுதிகளில் பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: "பிள்ளையைக் கணிதப் பிரிவில் சேர்க்கலாமா?" கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையின் வீட்டிலும் இக்கேள்வி எழுகிறது. அங்கே சந்தேகம் பிள்ளையின் திறமையில் அல்ல, இரண்டு வருட டியூஷன் செலவில்தான். வசதியுள்ளவர்கள் பிள்ளையை மட்டக்களப்பு நகருக்கோ கொழும்புக்கோ அனுப்புகிறார்கள். வசதியற்றவர்கள் விருப்பமில்லாத பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். இரவு வகுப்புக்குத் தூரம் போக முடியாத பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது.

இந்நாட்டில் இலவசப் பாடநூல் 1980ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. ஆனால் அது தரம் 11 உடன் நின்றுவிடுகிறது. எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியன தொடங்குவது அதற்குப் பிறகுதான். அரசின் கை விலகும் இடமும் பாடம் கடினமாகும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அந்த இடைவெளியைத்தான் தனியார் வகுப்புகள் நிரப்புகின்றன.

இணைந்த கணிதத்தின் முதலாம் வினாத்தாளில் பகுதி ஆ வின் ஏழு வினாக்களில் ஐந்துக்கு விடையளிக்க வேண்டும். அவற்றில் வகையிடலுக்கு ஒன்றும் தொகையிடலுக்கு ஒன்றும் வழமையாக வருகின்றன. இரண்டாம் வினாத்தாளின் இயக்கவியலுக்கும் நுண்கணிதமே அடிப்படை. இதில் தடுமாறும் மாணவர் இரண்டு வினாத்தாள்களிலும் புள்ளிகளை இழக்கிறார்.

ஆனால் உதவி நூல்களுக்குப் பஞ்சமில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் இணையத்தில் இருக்கின்றன. எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை, எதுவரை படிக்க வேண்டும் என்பதை அவற்றில் அறியலாம். பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களும், புள்ளி எங்கே கிடைக்கிறது, எங்கே குறைகிறது என்று காட்டும் மதிப்பீட்டு அறிக்கைகளும் உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் இயங்குகிறது. நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைத் திரட்டி இலவசமாக வழங்குகிறது.

ஆங்கிலம் ஓரளவு விளங்கும் பிள்ளைக்குக் கதவுகள் இன்னும் அதிகம். கான் அகடமியின் காணொளிகளை விளங்கும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கலாம். 1991இல் வெளியான கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நுண்கணித நூலை அமெரிக்காவின் எம்.ஐ.டி. முழுமையாக இலவசமாக வைத்துள்ளது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நுண்கணிதம் மூன்று தொகுதிகளாகக் கிடைக்கிறது.

அப்படியானால் தடை எங்கே?

முதலாவது தடை கலைச்சொல். தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புக் கணிதப் பாடநூல்களும் இணையத்தில் தமிழில் இலவசமாக உள்ளன. ஆனால் நாம் 'பெறுதி' என்பதை அங்கே 'வகைக்கெழு' என்பார்கள். நமது 'தாயம்' அங்கே 'அணி'. நமது 'காவி' அங்கே 'வெக்டர்'. ஒரு பக்கத்தில் அடங்கும் சொற்பட்டியலை யாராவது ஓர் ஆசிரியர் தயாரித்தால் இத்தடை நீங்கிவிடும்.

இரண்டாவது, பாடத்திட்ட வேறுபாடு. வெளிநாட்டுக் காணொளிகள் எல்லைக் கணக்குகளை லோபிதால் விதியால் இரண்டு வரியில் முடித்துவிடும். அவ்விதி நமது பாடத்திட்டத்தில் இல்லை. நமது மாணவர் நியமமான எல்லைத் தேற்றங்களைக் கொண்டே படிமுறையாகச் செய்துகாட்ட வேண்டும். வழிகாட்ட ஆளில்லாமல் காணொளியை மட்டும் நம்பினால் புள்ளி குறையும்.

மூன்றாவதே முக்கியமானது: சந்தேகம் கேட்க ஆளில்லை. பகுதிகளாகத் தொகையிடலில் மூன்றாம் படியில் சிக்கிய மாணவிக்கு நூறு பிடிஎப் கோப்புகள் உதவா. 'இங்கே குறி மாறிவிட்டது' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். டியூஷன் காசில் பெற்றார் வாங்குவதில் பெரும்பகுதி இந்த வழிகாட்டலும் ஒழுங்கும்தான். இவற்றை ஊரே வழங்க முடியும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. நமதூர்ப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், விடுமுறைக்கு வீடு வருகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகமோ, பழைய மாணவர் சங்கமோ, பொது நூலகமோ வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஓர் இடத்தை ஒதுக்கினால் இலவச ஐயந்தெளிதல் வட்டம் தயார். பெண் பிள்ளைகளுக்குத் தனியான நேரம் வைக்கலாம். மேற்சொன்ன கோப்புகளை ஒருமுறை பதிவிறக்கி பென் டிரைவில் கொடுத்தால் டேட்டாச் செலவும் மிச்சம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதியிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. பெரும்பாலான இடங்களுக்கு எமது பிள்ளை போட்டியிடுவது இதே மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான். ஆகவே ஒரு வினாவில் கூடுதலாகப் பெறும் சில புள்ளிகளும் இசட் புள்ளியில் பெறுமதி வாய்ந்தவை. எழுவான்கரை, படுவான்கரை என்று பாராமல், வாவியின் இரு கரைத் தமிழ் மாணவர்களுக்கும் இவ்வட்டங்கள் திறந்திருப்பதே அழகு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம், நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையைக் கண்டறிந்து பரவளையத் திண்மத்தின் கனவளவைக் கணித்தார். தொகையிடலுக்கு முன்னோடியான வேலை அது. அவர் பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வருவதற்குள் ஊருக்கு ஒரு வட்டமாவது தொடங்கினால், காசில்லாததால் கணிதத்தை விட்டேன் என்று சொல்லும் பிள்ளைகள் குறைவார்கள், இன்ஷா அல்லாஹ்.