கரையிலேயே இருக்கட்டும் சிப்பி

நுழையும் முன்

தீவுகளுக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் பலரின் பைகளில் நான்கைந்து சிப்பிகளும் ஒரு பவளத் துண்டும் இருப்பது வழக்கம். இவ்வழக்கம் சரியா, தவறா என்பதை ஆராயும் கருத்துக் கட்டுரை இப்பாடமாக அமைகிறது.

மாலை நேரக் கரை

அந்தமானின் ஸ்வராஜ் தீவில் ராதாநகர் என்னும் கடற்கரை உள்ளது. ஹேவ்லாக் என வழங்கிவந்த இத்தீவு 2018ஆம் ஆண்டில் இப்புதுப்பெயர் பெற்றது. 2004ஆம் ஆண்டில் ‘டைம்’ இதழ் ராதாநகரை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை எனப் பாராட்டியது. 2020ஆம் ஆண்டில் தூய்மையான கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றும் இதற்குக் கிடைத்தது. ஒருபுறம் ஓங்கி வளர்ந்த காடு. மறுபுறம் நீலக் கடல். இடையே மாவைப் போன்ற வெண்மணல். மேற்கு நோக்கிய கரையாதலால், கதிரவன் கடலில் மறையும் காட்சியைக் காண நாள்தோறும் பயணியர் திரள்கின்றனர்.

அந்நேரத்தில் அங்குக் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஈர மணலில் ஓடும் குழந்தை சட்டெனக் குனிந்து, வரிவரியாகக் கோலமிட்ட சிப்பி ஒன்றை எடுக்கிறது. அன்னையிடம் ஓடிவந்து காட்டுகிறது. அன்னை வியந்து மகிழ்கிறார். தந்தை அதை வாங்கிக் கைக்குட்டையில் பொதிந்து பையினுள் வைக்கிறார். இதில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. அழகைக் கண்ட மகிழ்ச்சியும், அதை நினைவாக வைத்துக்கொள்ளும் விருப்பமுமே உள்ளன.

ஆயினும், பைக்குள் சென்ற அச்சிப்பி மீண்டும் கரைக்குச் செல்வதே முறை. கரையில் கிடப்பவை யாருக்கும் பயன்படாத பொருள்கள் என்னும் எண்ணம் பிழையானது.

மணல் பிறந்த கதை

ஆற்றங்கரை மணல் மலைப்பாறைகள் தேய்ந்து உருவாவது. பவளத்திட்டுகள் சூழ்ந்த தீவுகளின் வெண்மணலுக்குப் பிறப்பிடம் வேறு. உடைந்த பவளம், பொடிந்த சிப்பி, நுண்ணுயிர்களின் சுண்ணாம்புக் கூடு ஆகியவையே அங்கு அலைகளால் அரைபட்டு மணலாகின்றன. இப்பணியில் கிளிமீனுக்கும் பங்குண்டு. கிளியின் அலகு போன்ற வாயால் அது பவளப்பாறையைச் சுரண்டி, அதிலுள்ள பாசியை உண்கிறது. உடன் சென்ற சுண்ணாம்பு அதன் தொண்டையிலுள்ள பற்களால் அரைபட்டு, வெண்மணலாக வெளியேறுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு உருவாக்கவல்லது.

ஆகவே, இன்று காலடியில் கிடக்கும் சிப்பி, நாளைய கரையின் ஒரு பகுதி. மணலின் அழகைக் காண நெடுந்தொலைவு கடந்து வந்தவர்கள், அம்மணலின் மூலப்பொருளை எடுத்துச் செல்வது பொருந்தாச் செயலாகும்.

வீடு தேடும் நண்டு

சிப்பியும் சங்கும் மணலாக மாறும் முன்னரே வேறோர் உயிருக்குப் பயன்படுகின்றன. அந்தமான் கரைகளில் துறவி நண்டுகள் மிகுதி. இவற்றின் பின்னுடல் மென்மையானது; ஓடற்றது. பகைவரிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள, நத்தையினம் விட்டுச்சென்ற வெற்றுச் சங்குக்குள் இவை புகுந்து வாழ்கின்றன. நண்டு வளர வளரச் சங்கின் இடம் போதாமல் போகிறது. அப்போது அது தன் அளவுக்கேற்ற புதிய சங்கைத் தேடி அலைகிறது.

பெரிய சங்கு ஒன்று கரையில் ஒதுங்கினால், சில வேளைகளில் நண்டுகள் அதனருகே உருவ அளவுப்படி வரிசையாக நிற்பதுண்டு. பெரிய நண்டு புதிய சங்குக்குள் குடிபுகும்; அது விட்ட சங்குக்குள் அடுத்த நண்டு செல்லும்; அதன் சங்குக்குள் அதற்கடுத்தது செல்லும். ஒரே சங்கினால் பல நண்டுகளுக்கு ஏற்ற வீடு அமைகிறது. அந்த ஒரு சங்கைப் பயணி ஒருவர் எடுத்துச் சென்றுவிட்டால், வரிசை முழுவதும் ஏமாற்றம் அடைகிறது. சங்கு கிடைக்காத நண்டுகள் புட்டியின் மூடி, உடைந்த பிளாஸ்டிக் குழாய் முதலியவற்றுக்குள் உடலை நுழைத்துத் திரியும் அவலத்தை உலகின் பல கரைகளில் காண முடிகிறது. வீட்டை எடுத்துக்கொண்டு குப்பையைக் கொடுக்கும் இப்பண்டமாற்று மனிதனுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

கல் போன்ற உயிர்

சிப்பியைவிடப் பவளத்திற்கு நேரும் துன்பம் பெரிது. பவளப்பாறை பார்வைக்குக் கல்லைப் போன்றது. உண்மையில் அது எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய ஊர். அவ்வுயிர்களுக்குள் வாழும் நுண்பாசிகள் அவற்றுக்கு உணவும் நிறமும் தருகின்றன. கொத்துக்கொத்தாக உருண்டு வளரும் பவளங்கள் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. நீந்தக் களைத்த ஒருவர் ஒரு நொடி அதன்மீது ஊன்றி நின்றால், பல ஆண்டுகளின் உழைப்பு உடைந்து போகக்கூடும்.

கடல் வற்றும் நேரத்தில் ஆழமற்ற பவளத்திட்டின்மீது நடந்து சென்று கடல்வாழ் உயிரினங்களைக் காண்பது தீவுச் சுற்றுலாவின் ஒரு பகுதி. அப்போது கடல் அட்டையையோ விண்மீன் வடிவ உயிரையோ கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆவல் பலருக்கு எழுகிறது. அந்த உயிருக்கு அது படம் எடுக்கும் நேரமாகத் தோன்றுவதில்லை. நீரைப் பிரிந்து தவிக்கும் நேரமாகவே அமைகிறது.

‘ஒரு சிப்பிதானே’ என்னும் வாதம்

இக்கருத்தை மறுப்போரும் உளர். அவர்கள் கூறுவன எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

“கரையில் கோடிக்கணக்கான சிப்பிகள் கிடக்கின்றன. ஒரு குழந்தை ஒரு சிப்பியை எடுப்பதால் கடல் குறைந்துவிடுமா?” என்பது முதல் வாதம். ஒருவர் எடுப்பதால் குறையாது என்பது உண்மையே. ஆனால் கரைக்கு வருபவர் ஒருவர் அல்லர். ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில், 1978 முதல் 1981 வரை சிப்பிகளைக் கணக்கிட்ட அறிவியலாளர்கள், 2008 முதல் 2010 வரை மீண்டும் அதே கரையில் கணக்கிட்டனர். இடைப்பட்ட காலத்தில் அப்பகுதிக்கு வரும் சுற்றுலாப் பயணியர் தொகை ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகியிருந்தது. கரையில் கிடந்த சிப்பிகளோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. சிறுதுளி பெருவெள்ளம் ஆவது போலவே, வெள்ளம் துளித்துளியாக வற்றுவதும் உண்டு.

“கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறுகின்றன, ஆழிப்பேரலை வந்து அழிக்கிறது. இவற்றின் முன் ஒரு சிப்பி எம்மாத்திரம்?” என்பது இரண்டாவது வாதம். இதிலும் உண்மை உண்டு. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமடைந்ததால், அந்தமான் பவளங்கள் தம்முள் வாழ்ந்த நுண்பாசிகளை இழந்து பெருமளவில் வெளிறின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது வடக்கு அந்தமானின் சில பகுதிகளில் நிலம் மேலெழுந்தது. நீருக்கு வெளியே வந்த பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து மடிந்தன. நிலநடுக்கத்தைத் தடுக்க எவராலும் இயலாது. கடலின் வெப்பத்தைத் தணிப்பதும் ஒரு நாட்டினால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று. ஆனால் நோயுற்றுக் கிடப்பவரை மேலும் வருத்தாதிருப்பது எவராலும் ஆகக்கூடியது. பெருந்துன்பங்களிலிருந்து மீண்டெழ முயலும் கடலுக்கு, கையால் நேரும் சிறுதுன்பத்தையேனும் விலக்கிக் கொடுப்பது கடமையாகும்.

“கட்டுப்பாடுகள் மிகுந்தால் பயணியர் வரமாட்டார்கள், தீவு மக்களின் பிழைப்பு கெடும்” என்பது மூன்றாவது வாதம். படகோட்டி, உணவகத் தொழிலாளி, வழிகாட்டி, இளநீர் விற்பவர் எனப் பலர் சுற்றுலாவை நம்பி வாழ்கின்றனர். அவர்கள் வாழ்வு முக்கியமானது. ஆனால் அவர்களுடைய முதலீடே அக்கரைதான். தெற்கு அந்தமானின் வண்டூரில் 1983ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதற்குட்பட்ட ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்னும் இரு தீவுகளும் ஒரே சமயத்தில் திறக்கப்படுவதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்றும், மறுபகுதியில் மற்றொன்றும் பயணியரை வரவேற்கின்றன. ஒரு தீவு விருந்தோம்பும்போது மற்றது ஓய்வு கொள்கிறது. ஜாலி பாய் தீவுக்கு வீசியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுசெல்லவும் தடை உண்டு. இருப்பினும் பயணியர் கண்ணாடித் தளப் படகுகளில் ஏறிப் பவளங்களைக் கண்டு மகிழவே செய்கின்றனர். கட்டுப்பாடு சுற்றுலாவைக் கெடுக்கவில்லை. அதன் ஆயுளை நீட்டிக்கிறது.

சட்டமும் மனமும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2001ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள், கடல் அட்டைகள், சிலவகைச் சிப்பிகள், சங்குகள் ஆகியவையும் அதன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனவே பவளத் துண்டைப் பையில் வைத்து வருவது வெறும் ஆசை அன்று. அது சட்டப்படி குற்றம். சிப்பிகளில் எது பாதுகாக்கப்பட்டது, எது அன்று எனப் பிரித்தறிவது கற்றவர்க்கே அரிது. பிரித்தறிய இயலாத நிலையில் எதையும் எடுக்காதிருப்பதே நேர்மையான வழி. கடைகளில் விற்கப்படும் பளபளப்பான பெரிய சங்குகள் பெரும்பாலும் உயிருடன் பிடிக்கப்பட்டவை என்பதையும் வாங்குவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும், காவலர் பையைச் சோதிப்பார் என்னும் அச்சத்தால் மட்டும் ஒரு கரை காக்கப்படாது. விருந்துக்குச் சென்ற வீட்டில் வயிறார உண்ணலாம், மனமார மகிழலாம். விடைபெறும்போது அவ்வீட்டுப் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருவோர் இல்லை. அங்குத் தடுப்பது சட்டம் அன்று, பண்பு. அப்பண்பு கடலின் வீட்டிலும் வேண்டும்.

மகிழ்வதற்கு எவ்வளவோ உண்டு

எதையும் எடுக்காமல் வந்தால் விடுமுறையின் இன்பம் குறைந்துவிடும் என எண்ண வேண்டுவதில்லை. காவலர் அனுமதிக்கும் இடத்தில் அலையாடலாம். அந்தமானில் உப்புநீர் முதலைகள் வாழ்வதால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரில் இறங்காதிருப்பது உயிர் காக்கும் அறிவாகும். மூச்சுக்குழாய் பொருத்தி மிதந்தபடி, பவளத்தைத் தொடாமல், வண்ண மீன்களைக் காணலாம். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை முதலியன முட்டையிடும் கரைகளில், இரவில் விளக்கொளியைத் தவிர்த்து, வனத்துறையினரின் வழிகாட்டுதலோடு அவ்வரிய காட்சியைக் காணலாம். சங்குகளையும் சிப்பிகளையும் பெயரறிந்து காண விரும்புவோர், தலைநகரில் கடற்படையினர் நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம்.

கரையில் சிப்பியைக் கண்ட குழந்தையைத் தடுக்கவும் வேண்டா. அது எடுக்கட்டும், விரலால் வரிகளைத் தடவிப் பார்க்கட்டும், உள்ளே நண்டு இருக்கிறதா என நோக்கட்டும், குறிப்பேட்டில் வரையட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே வைக்கட்டும். எடுத்துச் சென்ற சிப்பி சில மாதங்களில் அலமாரியின் மூலையில் தூசு படிந்து மறக்கப்படும். உற்றுநோக்கி வரைந்த சிப்பி மனத்தில் நிற்கும்.

சங்கைக் காதில் வைத்தால் கடலின் ஓசை கேட்கும் என்பர். உண்மையில் அது சுற்றுப்புற ஒலியே; சங்கின் குழிவில் எதிரொலித்துக் கடலோசை போல் ஒலிக்கிறது. வெறுங்குவளையைக் காதருகே வைத்தாலும் அத்தகைய ஓசையைக் கேட்கலாம். கடலைச் சங்கிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவர எவராலும் இயலாது. அதைக் கேட்க விரும்புவோர் மீண்டும் கரைக்குத்தான் வரவேண்டும்.

அவ்வாறு அவர்கள் மீண்டும் வரும்போது கரை கரையாகவே இருத்தல் வேண்டும். தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி எனப் பல மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தீவுகளில் வளர்கின்றனர். பயணியருக்கு அது சில நாள் விடுமுறை. அப்பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர். நாளைக் காலையில் அவர்களுள் ஒரு சிறுமி ஈர மணலில் குனியும்போது, வரிவரியாகக் கோலமிட்ட அந்தச் சிப்பி அவளுக்காக அங்கேயே கிடக்கட்டும்.

சிந்தித்து எழுதுக

1. ஒரு சங்கு பல நண்டுகளுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதைச் சொந்த நடையில் எழுதுக.

2. கட்டுரையில் இடம்பெறும் மூன்று மறுப்பு வாதங்களுள் வலிமையானது எது? காரணம் கூறுக.

3. உம் ஊரின் அருகிலுள்ள ஆறு, மலை, ஏரி, கடற்கரை ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து மக்கள் எடுத்துச் செல்லும் பொருள் ஒன்றைக் குறிப்பிட்டு, அது சரியா, தவறா என ஒரு பக்க அளவில் கருத்துக் கட்டுரை வரைக.