புது ஷேர் விட்டா பழைய ஆளுக்கு நாமமா?

எங்க ராமநாதபுரம் பக்கம் ஷேர் வச்சிருக்கிற பெரியவங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா ரெண்டு டயலாக் நிச்சயம். "போனஸ்னா ஓசி. புது ஷேர்னா நாமம்." ரெண்டுமே தப்புங்கிறதுதான் என் கட்சி. பி.காம். படிக்கிற பயலுக்கு என்ன தெரியும்னு கேட்கிறவங்க கால்குலேட்டரை எடுத்துக்கலாம் :-)

தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியையே எடுத்துக்குவோம். ரொம்ப காலம் அதுக்கு மொத்தமே 2,84,454 ஷேர்தான். ஒண்ணுக்கு 500 போனஸ் கொடுத்ததும் அது 14.25 கோடி ஆச்சு. ஒரே தோசையை 501 துண்டாக்கினா பசி கூடுதலா ஆறுமா என்ன?

2022 செப்டம்பர்ல ஐ.பி.ஓ. 1.58 கோடி புது ஷேர், விலை 510 ரூபாய். கிட்டத்தட்ட 808 கோடி முழுசும் வங்கிக்கே போச்சு. பழைய ஆளோட 1 சதவீதம் 0.9 ஆச்சு. நாமம்தானேன்னு கேட்பீங்க. அவசரப்படாதீங்க. 2022 மார்ச் கணக்குப்படி ஒரு ஷேரோட புத்தக மதிப்பு சுமார் 374 ரூபாய். அதைவிட அதிகம் கொடுத்து வெளியாள் உள்ள வந்ததால, பழைய ஆளோட மதிப்பு 388 பக்கம் ஏறிடுச்சு. இதே ஷேரை 200 ரூபாய்க்கு வித்திருந்தா நானும் சேர்ந்து கத்தியிருப்பேன்.

லாபக் கணக்கு வேற. அந்த வருஷ லாபம் 822 கோடி, ஷேருக்கு 57 ரூபாய்க்கு மேல. அது குறையாம இருக்க, புதுசா வந்த 808 கோடி வருஷத்துக்கு சுமார் 91 கோடி சம்பாதிச்சாகணும். பாம்பன் படகுல ஒரு ஆள் கூட ஏறினா, அவன் பங்குக்கான மீனாவது கூடுதலா வரணும்ல, அது மாதிரி. அடுத்த வருஷ லாபம் 1,029 கோடி. பங்கு குறையலை.

"பழைய ஆளுக்கே முதல்ல கொடுக்கிற ரைட்ஸ் இஷ்யூன்னா பயமில்லை"ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்க கரூரைப் பார்க்கணும். 1926-ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் வங்கி 2017 டிசம்பர்ல ரைட்ஸ் விட்டுச்சு, ஷேர் 122 ரூபாய். சட்டப்படி மரியாதை எல்லாம் சரியாத்தான் நடந்தது. ஆனா பணம் போய் விழுந்தது வாராக்கடன் ஓட்டைப் பானையில. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டுச்சு. 2020 நவம்பர்ல டி.பி.எஸ்.ஸோட இணைச்சப்போ பங்கு மூலதனம் மொத்தமும் தள்ளுபடி. தாத்தா காலத்து ஷேரும் பூஜ்யம், நம்பி மேல போட்ட 122-ம் பூஜ்யம். இங்க பங்கு நீர்த்ததா பிரச்சினை? பணம் எங்க போகுதுன்னு யாரும் குடைஞ்சு கேட்காததுதான்.

ஆனா ஒரு நாமம் நிஜம், அதை நாமளே போட்டுக்கிறோம். ரைட்ஸ் வந்தா பணம் கட்டணும், இல்லைன்னா அந்த உரிமையையாவது விக்கணும். 2020-ல இருந்து அந்த உரிமை டீமேட் கணக்குக்கே வருது, சந்தையில வித்துடலாம். ரெண்டும் செய்யாம கெடு தாண்டினா காலாவதி. சந்தை விலையைவிட மலிவா வர்ற ஷேரை மத்தவன் வாங்கிட்டுப் போவான், நம்ம ஷேரோட விலை மட்டும் இறங்கி நிக்கும். கம்பெனி அனுப்பின கடுதாசி பீரோவுல பிரிக்காம கிடக்கும்.