எச்சில் சோறு எந்த வாளிக்கு?

வீட்டிலேயே உரம் தயாரிக்கச் சொல்லித்தரும் காணொலிகளில் எதைத் திறந்தாலும் ஒரு பட்டியல் வரும். காய்கறித் தோல் போடலாம், வாழைப்பழத் தோல் போடலாம், டீத்தூள், முட்டை ஓடு போடலாம். சமைத்த சோறு, குழம்பு, மீன் முள் போடக்கூடாது. நாறும், ஈ மொய்க்கும், எலி வரும். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் போடக்கூடாதவை எங்கே போகும் என்று அந்தக் காணொலிகள் சொல்வதில்லை. மறுநாள் காலை விசில் ஊதிக்கொண்டு பேட்டரி வண்டியோடு வரும் அக்காவின் கைக்குத்தான் போகும். நாறாத பாதி மாடித்தோட்டத்துக்கு, நாறும் பாதி தூய்மைப் பணியாளருக்கு. இதற்குப் பெயர் பசுமை வாழ்க்கை.

‘எச்சில்’ என்ற நம் சொல்லைக் கொஞ்சம் கவனிப்போம். வாயில் ஊறுவதும் எச்சில், தின்று மீந்ததும் எச்சில். கத்தரிக்காய்க் காம்பு வெறும் குப்பை, அதை யார் வேண்டுமானாலும் தொடலாம். அதே கத்தரிக்காய் வெந்து, ஒருவர் தட்டில் மீந்துவிட்டால் அதைத் தொடுவதற்கு இந்தச் சமூகத்துக்கு ஒரு சாதி தேவைப்பட்டது. பந்தி முடிந்ததும் இலை எடுக்க ஊரில் யாரை அழைத்தார்கள் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். இன்று மண்டபங்களில் அது காண்டிராக்ட் வேலை. ரசீது வந்துவிட்டது, ஆட்கள் பெரும்பாலும் மாறவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வாதிட்டார். சமையலறை மூலையில் இருக்கும் குப்பைக்கூடையில் அந்த அடுக்கு இன்னும் கலையாமல் இருக்கிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கழிப்பறை, சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி பற்றிப் பேசுகிறது. முடிச்சுப் போட்ட கேரி பேக்கைப் பிரிக்கும் கையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அந்தப் பைக்குள் ஊசிப்போன சாம்பார், அதில் ஊறிய நாப்கின், உடைந்த கண்ணாடி, சில சமயம் ஊசியும் இருக்கும். பிரித்துக் கொடுக்க வேண்டியது குப்பை போடுபவரின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே சொன்னன. விதி காகிதத்தில் இருந்தது, வேலை கையில் இருந்தது. ‘துப்புரவு’ என்பதைத் ‘தூய்மை’ என்று பெயர் மாற்றியதைத்தான் நம் அரசுகள் சுலபமாகச் செய்தன.

சென்னையில் மட்டும் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. ஏறக்குறைய பாதி ஈரக்கழிவு. அது பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் போய் மலையாக நின்றது. காற்றுப் புகாமல் அழுகும் சோறும் தோலும் மீத்தேன் வாயுவாகும், மீத்தேன் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை மறந்திருக்க மாட்டோம். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கொடுங்கையூரில் குப்பை எரி உலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் போராடுகிறார்கள். இத்தனை ஈரக்கழிவை எரித்து மின்சாரம் எடுப்பதாகச் சொல்வது, ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டுவதைப் போலத்தான்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: வீட்டுக்கு வீடு உரம் போட ஆரம்பித்தால் பணியாளர்களின் வேலை போகாதா? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்தார்கள், நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. குப்பை போதவில்லை என்று அவர்கள் உட்காரவில்லை. தனியாருக்குத் தாரை வார்க்காதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். கையில் ஒட்டும் அழுகல் குறையட்டும், ஆள் எண்ணிக்கை குறையக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்போம். உரவாளியைக் காட்டி ஆட்குறைப்பு செய்ய வந்தால், அங்கேயும் எதிர்த்து நிற்போம்.

இன்னொரு ஏமாற்று உண்டு. அடுக்குமாடிகளில் உரவாளி இருக்கும், அதைக் கிளறுவது வீட்டுவேலைக்கு வரும் அக்கா. கூடுதல் கூலி கிடையாது. நம் வீடுகளில் அந்த வேலை சத்தமில்லாமல் அம்மா தலையில் விழும். தின்றவர் கிளற வேண்டும். குறிப்பாக, ஆண் தோழர்கள்.

எச்சில் சோறு உரமாகுமா? ஆகும். ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டு, அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலையோ தென்னைநார்க் கழிவோ பரப்புங்கள். குழம்பை நன்றாக வடித்துவிட்டு, நடுவில் குழி பறித்து சோற்றைப் புதையுங்கள். சோற்றைப் போல இரண்டு மூன்று பங்கு காய்ந்த பொருள் மேலே விழ வேண்டும். ஒரு கைப்பிடி பழைய உரமோ, கொஞ்சம் புளித்த மோரோ சேர்த்தால் வேகம் கூடும். வாரத்துக்கு இரண்டு முறை கிளறுங்கள். நாறினால் ஈரம் அதிகம், இலை சேருங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கொழுத்த புழுக்கள் நெளிந்தால் பயந்து வாளியைக் கொட்டிவிடாதீர்கள், சமைத்த உணவை அவைதான் வேகமாகத் தின்னும். எலும்பு மட்டும் இந்த வாளியில் மக்காது. மண் இருக்கிற இடத்தில் ஓரடி ஆழத்தில் புதைக்கலாம். வாளி நிரம்பியபின் மூடிவைத்து இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் வாளியில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அருவருப்பு எவ்வளவு பழக்கத்தால் வந்தது என்பது அப்போது புரியும்.

கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் புறாக்கூண்டு வீடுகளில் குடியேற்றப்பட்டவர்களிடம் போய் இதைப் பாடம் நடத்த வேண்டாம். அவர்கள் வீட்டில் மீறுவது சொற்பம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுபவர்களைப் பெருங்கழிவு உருவாக்குபவர்கள் என்று 2016 விதிகள் தனியாகவே வகைப்படுத்தின. ஒருவர் 200 கிராம் வீணாக்கினால், 500 பேர் தங்கும் கல்லூரி விடுதியில் அந்த 100 கிலோ ஒரே நாளில் வந்துவிடும். ஆகவே மாணவத் தோழர்களே, உங்கள் மெஸ்ஸின் பின்புறம் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு நீல டிரம் இருக்கும். அதை யார் தூக்குகிறார்கள், கையுறை இருக்கிறதா, எவ்வளவு கூலி, டிரம் எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகளை எழுத்துப்பூர்வமாக வார்டனிடம் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.